கம்பாசிட்டர் அண்ணாச்சி பதில்கள்: பாடும் பாலமும் பெயர் மாறிய தெருக்களும்

போன இதழில், மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பாலம் இருக்கிறது, கார் ஏறினால் பாடுகிறது என்று அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்திலிருந்து நாலு வரி எழுதியிருந்தேன். கட்டியவர் ஒரு ஜெர்மன்காரர் என்று போகிறபோக்கில் ஒரு வாக்கியம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. அதனால் இந்த முறை அமெரிக்க ஜெர்மன்காரர்கள் மட்டும். சினிமா, அரசியல் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுக்கவும்.

கேள்வி: அமெரிக்கா என்றால் இங்கிலாந்துக்காரர்கள் போய்க் குடியேறிய நாடு என்றுதானே படித்தோம்? நடுவில் ஜெர்மன்காரர்கள் எப்போது நுழைந்தார்கள்? (எஸ்.எம்., திண்டுக்கல்)

பதில்: அமெரிக்கா என்ற தனி நாடு பிறக்க இன்னும் 93 வருஷம் இருக்கும்போதே நுழைந்துவிட்டார்கள். ரைன் நதிப் பக்கம் கிரேஃபெல்ட் என்று ஓர் ஊர். அங்கிருந்து 13 குடும்பங்கள், பெரும்பாலும் லினன் துணி நெய்கிறவர்கள், 'கன்கார்ட்' என்ற கப்பலில் ஏறி 1683 அக்டோபர் 6 அன்று பிலடெல்பியாவில் இறங்கினார்கள். மதத்தின் பேரால் சொந்த ஊரில் நிம்மதி இல்லாதவர்கள். அவர்களுக்கு முன்னாலேயே வந்து இடம் பார்த்து வைத்திருந்தவர் பாஸ்டோரியஸ் என்ற வக்கீல். எல்லோரும் சேர்ந்து உண்டாக்கிய ஊருக்கு ஜெர்மன்டவுன் என்றே பெயர். இப்போது அது பிலடெல்பியாவுக்குள் ஒரு பேட்டை.

வந்து ஐந்தே வருஷத்தில், 1688ல், அந்த ஊரில் நாலு பேர் உட்கார்ந்து, மனிதனை மனிதன் விலைக்கு வாங்குவது தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஆங்கிலேயக் குடியேற்றங்களில் அடிமை முறையை எதிர்த்து எழுதப்பட்ட முதல் மனு அதுதான். அவர்கள் ஆங்கிலம் தட்டுத்தடுமாறும் ஆங்கிலம். விஷயத்தில் தடுமாற்றமே இல்லை. மனுவுக்கு என்ன ஆயிற்று? நம்மூர் மனுக்களுக்கு ஆவதுதான். ஒரு மதச் சபை 'இது எங்களுக்கு மேலே' என்று அடுத்த சபைக்கு அனுப்பியது. அதுவும் மேலே அனுப்பியது. கடைசியில் ஏதோ ஒரு பெட்டிக்குள் போய், 1844ல்தான் யாரோ கண்டெடுத்தார்கள்.

பிறகு வந்தவர்களில் ஏராளம் பேருக்குக் கப்பல் கூலி கொடுக்கவே வழியில்லை. கரை சேர்ந்ததும், கூலியைக் கட்டுகிற முதலாளிக்குச் சில வருஷம் உழைப்பதாக எழுதிக் கொடுத்தால்தான் கப்பலை விட்டு இறங்க முடியும். அப்பா ஒரு வீட்டுக்கு, பிள்ளை ஒரு வீட்டுக்கு என்று பிரிந்த குடும்பங்கள் உண்டு. 1848ல் ஜெர்மன் பிரதேசங்களில் நடந்த புரட்சி தோற்ற பிறகு படித்தவர்கள், பத்திரிகைக்காரர்கள் எல்லாம் கிளம்பி வந்தார்கள். ஜெர்மனி என்று ஒரே நாடு 1871ல்தான் உண்டாயிற்று. அதுவரை வந்தவர்கள் தங்களை பவேரியாக்காரன், சாக்சனிக்காரன் என்றே சொல்லிக்கொண்டிருப்பார்கள். வந்த கூட்டத்தின் உச்சம் 1882. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் சுமார் 2,50,000 பேர்.

2020 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 4.5 கோடி அமெரிக்கர்கள் தங்கள் வேர் ஜெர்மனியில் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இங்கிலாந்து என்று சொன்னவர்கள் அதைவிடக் கொஞ்சம்தான் கூட. 2000 கணக்கெடுப்பில் ஜெர்மன்தான் முதலிடம். இவ்வளவு பேர் இருக்கிறார்களே, கண்ணில் படவில்லையே என்று கேட்கத் தோன்றும். அதையும் ஒருவர் கேட்டிருக்கிறார், கீழே வருகிறது.

கேள்வி: நான் சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. அந்தப் பாலம் கட்டியவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுங்களேன். (ஜி., கோவில்பட்டி)

பதில்: ஜான் ரோப்ளிங். 1806ல் மியூல்ஹவுசனில் பிறந்தவர், பெர்லினில் படித்தவர். 1831ல் அமெரிக்கா வந்து, பென்சில்வேனியாவில் சாக்சன்பர்க் என்று ஒரு கிராமத்தை உண்டாக்கி விவசாயம் பார்த்தார். விவசாயம் அவருக்கு வரவில்லை. அங்கே அப்போது கால்வாய்ப் படகுகளை அப்படியே ரயில் மேடையில் ஏற்றி மலைமேல் இழுப்பார்கள். இழுப்பது தடித்த சணல் கயிறு. அது அவ்வப்போது அறுந்து ஆளைக் கொல்லும். இரும்புக் கம்பிகளை முறுக்கிக் கயிறாகத் திரித்தால் என்ன என்று யோசித்து, 1841ல் சாக்சன்பர்க் புல்வெளியிலேயே அக்கம்பக்கத்து விவசாயிகளை வைத்துத் திரித்தார். பின்னால் கட்டிய தொங்கு பாலங்கள் எல்லாம் அந்தக் கயிற்றிலிருந்து பிறந்தவைதான்.

இங்கே ஓஹையோ ஆற்றின் மேல் அவர் கட்டிய பாலம் 1866 டிசம்பரில் திறந்தது. நடு இடைவெளி 1,057 அடி. அன்றைக்கு உலகத்திலேயே நீளமான தொங்கு பாலம். தளம் முழுக்க இரும்புக் கிராதி, அதன் மேல் டயர் உருளும்போது 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் எழும். தம்புராவை யாரோ மீட்டிக்கொண்டே இருப்பதுபோல. சாயங்காலம் நடக்கப் போனால் அதைக் கேட்பதற்காகவே நடுவில் நின்றுவிடுவேன். மருமகன் எனக்காகக் காத்திருந்து அலுத்துப் போகிறார்.

அடுத்தது நியூயார்க் புரூக்ளின் பாலம். 1869 ஜூன் கடைசியில் ரோப்ளிங் படகுத்துறையில் நின்று அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது, படகு வந்து மோதிக் கால் விரல்கள் நசுங்கின. டாக்டர்களை அவர் நம்புகிறவர் இல்லை. தண்ணீர் வைத்தியம்தான் என்று பிடிவாதம் பிடித்தார். டெட்டனஸ் வந்து ஜூலை 22 அன்று போய்ச் சேர்ந்தார். பாலத்துக்கு ஒரு கல்கூட வைக்கவில்லை. மகன் வாஷிங்டன் ரோப்ளிங் பொறுப்பெடுத்தார். ஆற்றின் அடியில் அஸ்திவாரம் தோண்ட, கவிழ்த்து வைத்த பிரம்மாண்டமான பெட்டிக்குள் காற்றை அழுத்தி நிரப்பி, அதற்குள் ஆட்கள் இறங்கி வேலை செய்வார்கள். சட்டென்று வெளியே வந்தால் ரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டும். அது மகனையும் படுக்கையில் தள்ளியது. அவர் ஜன்னலிலிருந்து தொலைநோக்கியில் பார்க்க, மனைவி எமிலி கணக்கும் கம்பி பலமும் படித்துக்கொண்டு, தினமும் களத்துக்கும் வீட்டுக்குமாக உத்தரவுகளைக் கொண்டுபோனார். இப்படியே பத்து வருஷத்துக்கு மேல். 1883 மே 24ல் பாலம் திறந்தது. அதற்கு முன்னாலேயே முதல் ஆளாக வண்டியில் அதைக் கடந்தது எமிலிதான், கையில் ஒரு சேவலோடு. சேவல் வெற்றிக்கு அடையாளமாம். தம்பி, நீங்கள் பாலம் கட்டினால் அந்தம்மாவையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பியரைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் ஜெர்மன்காரர்களைப் பற்றி எப்படி எழுதுகிறீர்கள் என்று பார்க்கிறேன். ('தாகம்', புதுச்சேரி)

பதில்: வந்துவிட்டாரய்யா. லாகர் பியர் இவர்கள் கொண்டுவந்தது. அது குளிர்ச்சியில் வாரக்கணக்கில் ஊறவேண்டும், அதனால் பூமிக்கு அடியில் பெரிய பெரிய நிலவறைகள் தோண்டினார்கள். இந்த ஊரில் இன்னும் இருக்கின்றன. டிக்கெட் வாங்கிக்கொண்டு இறங்கிப் பார்த்தேன். ஜூன் வெயிலில்கூட உள்ளே சட்டைக்குமேல் துண்டு போர்த்திக்கொள்ளலாம் போலிருந்தது. மில்வாக்கியின் பாப்ஸ்ட், ஷ்லிட்ஸ், மில்லர், செயின்ட் லூயிஸின் புஷ் என்ற பியர் கம்பெனிகள் எல்லாம் ஜெர்மன் வீட்டுப் பெயர்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு தோட்டத்தில் உட்கார்ந்து பாண்டு வாத்தியம் கேட்டுக்கொண்டே குடிப்பது இவர்கள் வழக்கம். மற்றவர்களுக்கு அது கண்ணை உறுத்தியது. 1855ல் சிகாகோ மேயர் லீவை பூன், ஞாயிற்றுக்கிழமை கடை கூடாது என்றார், லைசென்ஸ் கட்டணத்தை 50 டாலரிலிருந்து 300 ஆக ஏற்றினார். ஏப்ரல் 21ல் ஜெர்மன்காரர்கள் ஊர்வலமாகக் கிளம்ப, துப்பாக்கிச் சூடு வரை போயிற்று. அடுத்த தேர்தலுக்குப் பிறகு கட்டணம் இறங்கிவிட்டது. புதுச்சேரிக்காரருக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: 36 வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தேன். எல்.கே.ஜி. என்ற மூன்றெழுத்தில் 'கே.ஜி.' ஜெர்மன் சொல் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். உண்மையா? (ஓய்வு பெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை)

பதில்: உண்மைதான் டீச்சரம்மா. கிண்டர்கார்டன், குழந்தைகள் தோட்டம். ஃப்ரோபெல் என்பவர் 1840ல் வைத்த பெயர். செடியைப்போல் குழந்தையை அதன் போக்கில் வளரவிடு, பாட்டு, மரக்கட்டை, மண் கொடு என்பது அவர் கட்சி. 1851ல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. நாத்திகமும் பொதுவுடைமையும் வளர்க்கிற இடமாம். நாலு வயசுக் குழந்தை மரக்கட்டை அடுக்கினால் அரசாங்கம் கவிழும் என்று பயந்திருக்கிறார்கள்.

ஹாம்பர்கில் ஃப்ரோபெலின் பாடங்களைக் கேட்ட அக்கா தங்கை இரண்டு பேர். அக்கா பெர்தா ரோங்கே 1851ல் லண்டனில் ஒரு கிண்டர்கார்டன் ஆரம்பித்தார். தங்கை மார்கரீத்தாவின் கணவர் கார்ல் ஷுர்ட்ஸ், 1848 புரட்சியில் சண்டை போட்டுத் தப்பி வந்தவர். பிற்காலத்தில் அமெரிக்க செனட்டர், மந்திரி வரை போனார். 1856ல் விஸ்கான்சினில் வாட்டர்டவுன் என்ற சிற்றூரில் மார்கரீத்தா தன் மகளையும் உறவுக்காரக் குழந்தைகள் சிலரையும் சேர்த்துக்கொண்டு, ஜெர்மன் மொழியிலேயே வகுப்பு நடத்தினார். அமெரிக்காவில் அதுதான் முதல். பாஸ்டனைச் சேர்ந்த எலிசபெத் பீபாடி அந்தம்மாவைச் சந்தித்து அசந்துபோய், 1860ல் ஆங்கிலத்தில் ஒன்று தொடங்கினார். 1873ல் செயின்ட் லூயிஸ் நகர அரசுப் பள்ளியிலேயே வந்துவிட்டது.

என் பேரன் மதுரையில் எல்.கே.ஜி. படித்தபோது தினமும் நாலு பக்கம் வீட்டுப்பாடம். அதை ஃப்ரோபெல் பார்க்காமல் போனதே நல்லது.

கேள்வி: ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெர்மன் மொழி அமெரிக்காவின் ஆட்சிமொழி ஆகாமல் போனது என்று வாட்ஸப்பில் வந்தது. அப்படியா? (கே.ஆர்., ஆம்பூர்)

பதில்: இல்லை. ஆனால் முழுப் பொய்யும் இல்லை, மீசை வைத்த உண்மை. விர்ஜீனியாவிலிருந்த ஜெர்மன்காரர்கள் சிலர், சட்டங்களை ஜெர்மனிலும் அச்சடித்துக் கொடுங்கள் என்று 1794ல் மனு போட்டார்கள். அவ்வளவுதான் கேட்டார்கள். 1795 ஜனவரியில் பிரதிநிதிகள் சபையில் அதைப் பற்றிப் பேச, கூட்டத்தை ஒத்திவைத்து இன்னொரு நாள் உட்காரலாமா என்று ஓட்டெடுத்தபோது 41க்கு 42 என்று தோற்றது. அந்த ஒரு ஓட்டுத்தான் கை மாறி கை மாறி ஆட்சிமொழிக் கதையாகிவிட்டது.

அந்த ஒரு ஓட்டை எதிராகப் போட்டவர் என்று கதையில் வில்லனாக வருகிறவர் ஃபிரெடரிக் முலன்பெர்க், அந்தச் சபையின் முதல் சபாநாயகர், தானே ஜெர்மன் வீட்டுப் பிள்ளை. இவருடைய அப்பா ஹென்றி முலன்பெர்க், 1742ல் பென்சில்வேனியாவுக்கு வந்த பாதிரியார். அனுப்பியது ஹாலே என்ற ஊரிலிருந்த பிராங்கே நிறுவனம். அச்சுத் தொழிலில் இருந்தவனுக்கு ஹாலே என்றதும் நிமிர்ந்து உட்காரத் தோன்றும். தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழ்ப் புத்தகம் அச்சடிக்க, 1713ல் கப்பலில் வந்து சேர்ந்த தமிழ் ஈய எழுத்துகளை வார்த்தது அதே ஹாலேயில்தான். ஒரே வாசலிலிருந்து ஒரு பெட்டி தரங்கம்பாடிக்கு, ஒரு பாதிரியார் பிலடெல்பியாவுக்கு.

கேள்வி: அண்ணாச்சி, நானும் பழைய அச்சகத்து ஆள்தான். அச்சுக் கோக்கிற லைனோடைப் மெஷினைக் கண்டுபிடித்தவரும் ஜெர்மன்காரர் என்று கேள்விப்பட்டேன். நீங்கள் அதில் வேலை பார்த்ததுண்டா? (பி., சிவகாசி)

பதில்: இல்லை. நான் கடைசிவரை கையால் கோத்தவன். இடது கையில் ஸ்டிக் என்கிற கோக்கிற சட்டம், வலது கை கேஸ் என்கிற எழுத்துப் பெட்டியில். தமிழ் கேஸ் எவ்வளவு பெரிசு என்று உங்களுக்குத் தெரியும், நின்ற இடத்திலிருந்து எட்டாது. கோப்பதைவிடக் கொடுமை, அச்சு முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்து அதது கட்டத்தில் திரும்பப் போடுவது. ஒரு தடவை தூக்கக் கலக்கத்தில் 'ன்' கட்டத்தில் 'ள்' கொஞ்சம் விழுந்துவிட்டது. மறுநாள் கல்யாணப் பத்திரிகை. 'மணமகன்' என்ற இடத்தில் 'மணமகள்' என்று 300 பிரதி அடித்து, இரண்டு மணமகள்களுக்குக் கல்யாணம் வைத்துவிட்டேன். முதலாளி பிடித்த சம்பளம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அதனால்தான் லைனோடைப்பைக் கண்டுபிடித்த ஜெர்மன்காரர் ஒட்மார் மெர்கன்தாலர் என்றால் எனக்குக் கும்பிடத் தோன்றும். 1854ல் பிறந்தவர், கடிகாரம் செய்யப் பழகியவர், 18 வயதில் அமெரிக்கா வந்தார். பால்டிமோரில் ஒரு பட்டறை. கீழே விசைப்பலகை, மேலே சரிவான பெட்டியில் பித்தளை அச்சுவார்ப்புகள். விசையைத் தட்டினால் அந்த எழுத்தின் வார்ப்பு சறுக்கிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கும். வரி நிரம்பியதும் சொற்களுக்கு நடுவே ஆப்புகள் ஏறி இடைவெளியைச் சமப்படுத்தும். உருகிய ஈயம் பாயும். முழு வரியும் ஒரே கட்டியாகச் சுடச்சுட வந்து விழும். 1886 ஜூலை 3ல் நியூயார்க் ட்ரிப்யூன் நாளிதழ் அதில் அச்சுக் கோத்தது.

இதுவரை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு ஆச்சரியம் அதற்குப் பிறகு. வேலை முடிந்த வார்ப்புகளை ஒரு கை மேலே தூக்கி, ஒரு தண்டில் மாட்டிவிடும். ஒவ்வொரு எழுத்துக்கும் சாவிக்கு இருப்பதுபோல் தனித்தனிப் பல்வெட்டு. தண்டின் மேல் நகர்ந்துகொண்டே போய், தன் பல்லுக்குப் பிடிமானம் தீர்கிற இடத்தில், சரியாகத் தன் கட்டத்தின் மேல், தானாக விழும். பிரிக்கிற வேலையே கிடையாது. அதைக் கடிகாரக்காரன் மூளையால்தான் யோசிக்க முடியும். மனுஷன் 45 வயதில் காசநோயில் இறந்துபோனார். நியூயார்க் டைம்ஸ் 1978 ஜூலை வரை அவர் மெஷினில்தான் வெளிவந்தது.

கேள்வி: 4 கோடிக்கு மேல் ஜெர்மன் வம்சம் என்கிறார்கள். அமெரிக்காவில் 11 வருஷம் இருந்தேன், ஒருவர் வாயிலும் ஜெர்மன் கேட்டதில்லை. எங்கே போயிற்று? (டி.வி., சேலம்)

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் மற்றவற்றைச் சுருக்கினேன்.

மகள் வீட்டிலிருந்து இருபது நிமிஷம் நடந்தால் 'ரைனுக்கு அக்கரை' என்று ஒரு பேட்டை. ஊர் நடுவே ஓடிய கால்வாயைக் கிண்டலாக ரைன் நதி என்றார்கள். அதைத் தாண்டினால் ஜெர்மன் கடை, ஜெர்மன் சர்ச், ஜெர்மன் பேப்பர். கால்வாயைத் தூர்த்துச் சாலை போட்டாகிவிட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. 1840லேயே இந்த ஊர் அரசுப் பள்ளிகளில் ஜெர்மனும் ஆங்கிலமும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தார்கள். முக்கால் நூற்றாண்டு அப்படி நடந்தது.

1917ல் அமெரிக்கா ஜெர்மனியோடு போருக்குப் போயிற்று. 1918 ஏப்ரலில் சின்சினாட்டி நகரசபை தெருப் பெயர்களை மாற்றியது. பிரேமன் தெரு ரிபப்ளிக் தெரு ஆனது. பெர்லின் தெரு, அன்றைய ஜனாதிபதி பெயரில் உட்ரோ தெரு. ஜெர்மன் தெரு என்றே ஒன்று இருந்தது, அதற்கு இங்கிலீஷ் தெரு என்று பெயர் வைத்தார்கள்! பழைய பெயரைச் சொல்லி இப்போது தெருமுனையில் பலகை வைத்திருக்கிறார்கள். ரிபப்ளிக் தெரு முனையில் நின்று அதை எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

அதே ஏப்ரலில், 5ஆம் தேதி, இல்லினாய் மாநிலம் காலின்ஸ்வில்லில் ராபர்ட் பிராகர் என்ற ஜெர்மன்காரரை ஒரு கும்பல் இழுத்துவந்தது. டிரெஸ்டனில் பிறந்தவர், சுரங்கத்தில் வேலை பார்த்தவர். உளவாளி என்று வதந்தி, ஆதாரம் எதுவும் இல்லை. செருப்பில்லாமல் நடக்கவிட்டு, அமெரிக்கக் கொடியைப் போர்த்திப் பாடச் சொல்லி, பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுத அனுமதித்து, மரத்தில் தூக்கிலிட்டார்கள். 11 பேர் மேல் வழக்கு. 11 பேரும் விடுதலை.

மே மாதம் அயோவா கவர்னர், பொது இடத்திலும் ரயிலிலும் தொலைபேசியிலும் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக் கூடாது என்று அறிவிப்புப் போட்டார். முட்டைக்கோஸ் ஊறுகாயின் ஜெர்மன் பெயரை 'சுதந்திர முட்டைக்கோஸ்' என்று மாற்றினார்கள். ஷ்மிட் ஸ்மித் ஆனான். வீட்டில் பேசுவதை நிறுத்தினார்கள். பாட்டிக்குத் தெரிந்தது பேரனுக்குத் தெரியாது என்பதற்கு ஒரு தலைமுறையே போதும்.

எதிர்த்து நின்றவர்களும் உண்டு. நெப்ராஸ்காவில் எட்டாம் வகுப்பு முடியும்வரை அந்நிய மொழி கற்பிக்கக் கூடாது என்று 1919ல் சட்டம் வந்தது. ராபர்ட் மேயர் என்ற பள்ளி வாத்தியார், 10 வயதுப் பையனுக்கு ஜெர்மனில் வேதாகமக் கதை படித்துக் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தபோது பிடிபட்டார். அபராதம் 25 டாலர். அந்த 25 டாலருக்காக உச்ச நீதிமன்றம் வரை போய், 1923ல் ஜெயித்தார். அமெரிக்காவில் மொழி உரிமை, பெற்றோர் உரிமை என்று வழக்கு வந்தால் இன்றைக்கும் அந்தத் தீர்ப்பை எடுக்கிறார்கள். ஜெயித்து என்ன, படிக்க வருகிற பிள்ளைகள் அதற்குள் குறைந்துவிட்டார்கள்.

முழுக்கப் போய்விடவில்லை. போன மாதம் ஹோம்ஸ் மாவட்டத்துக்குக் காரில் போனோம். ஆமிஷ் என்ற பழமை மாறாத கிறிஸ்தவப் பிரிவு மக்களின் ஊர். குதிரை வண்டி, கறுப்புத் தொப்பி, வீட்டுக்கு மின்கம்பி கிடையாது. கடையில் ஒரு பெண் தன் குழந்தையை அதட்டியது ஆங்கிலத்தில் இல்லை, 'பென்சில்வேனியா டச்' என்கிற ஜெர்மனில். உலகத்தோடு ஒட்டமாட்டோம் என்று விலகி நின்றவர்கள் வீட்டில் மட்டும் மொழி தங்கியிருக்கிறது. ஒட்டி வாழ்ந்தவர்கள் பாலம் கட்டினார்கள், மெஷின் செய்தார்கள், மொழியை விட்டார்கள். எது சரி என்று என்னைக் கேட்காதீர்கள். என் பேத்தியே என்னோடு தமிழில் பேச ஐந்து டாலர் கேட்கிறாள்.

கேள்வி: டிரம்ப்பும் ஜெர்மன் வம்சமாமே? (ஏ.எஸ்., காரைக்குடி)

பதில்: தாத்தா பிரீட்ரிஷ் டிரம்ப், கால்ஷ்டட் என்ற ஊரிலிருந்து 1885ல் 16 வயதில் வந்து முடி வெட்டினார், பிறகு தங்கம் தோண்டுகிற பக்கம் சாப்பாட்டுக் கடை போட்டுக் காசு பார்த்தார். ஊர் திரும்பி அங்கேயே இருந்துவிடலாம் என்றால், ராணுவத்துக்குப் போகாமல் ஓடினவன் என்று பவேரிய அரசு வெளியே போகச் சொல்லிவிட்டது. பின்னாளில் குடும்பத்தார் ரொம்ப நாள் வரை தங்களை ஸ்வீடன்காரர் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். கெட்ச்சப் ஹைன்ஸின் அப்பாவும் அதே கால்ஷ்டட்காரர்தான். சின்ன ஊர், ஆயிரத்துச் சொச்சம் பேர்.

கேள்வி: அங்கே வாய்க்கு ருசியாக ஏதாவது கிடைக்கிறதா அண்ணாச்சி? (எம்.பி., ராஜபாளையம்)

பதில்: இந்த ஊர் ஜெர்மன் பலகாரம் ஒன்று, கெட்டா என்று பெயர். பன்றி, மாட்டிறைச்சித் துண்டு துணுக்குகளை உடைத்த ஓட்ஸோடு சேர்த்து, பிரிஞ்சி இலை போட்டு மணிக்கணக்கில் கிண்டி, ஆறவைத்து, துண்டு போட்டு, கல்லில் முறுகலாகப் பொரிப்பார்கள். கொஞ்சம் கறியைப் பத்து வாய்க்குக் காணும்படி செய்கிற ஏழை வீட்டுக் கைவேலை. நார்த்தங்காய் ஊறுகாய் தொட்டுக்கொண்டு மூன்று துண்டு சாப்பிட்டேன். மகளிடம் ஒரு துண்டு என்று சொல்லியிருக்கிறேன்.